வைக்கோலுக்குள் இருக்கும் சீனியும் அதன் பூட்டும்



பெரும்போக அறுவடை முடிந்ததும் நம் வட்டைகளில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டு மெசின் வரம்பு தாண்டிப் போன கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். இரண்டு மூன்று நாள் ஊரே புகை. பிறகு வைகாசி, ஆனி வெயிலில் குளத்தோரப் புல்லும் கருகிப்போக, அதே வட்டைகளில் மாடுகள் எலும்பும் தோலுமாய் அலைகின்றன. பெப்ரவரியில் எரித்த தீனியை ஜூலையில் தேடுகிறோம்.

"வைக்கோலில் என்ன சத்து இருக்கு சேர், வெறும் சக்கைதானே" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 200 வருட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு அத்தியாயம் நம் நாட்டிலேயே, பேராதனையில், எழுதப்பட்டது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள். மாடு வளர்ப்பவர்களும் வெள்ளாண்மை செய்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஞ்ஞானம். நாம் சாப்பிடும் சோற்றில் இருப்பது மாப்பொருள். வைக்கோலில் பெருமளவு இருப்பது செலுலோசு. இரண்டுமே குளுக்கோசு என்ற ஒரே சீனி மணியைக் கோர்த்த மாலைகள். கோர்த்த விதம்தான் வேறு. மாப்பொருள் மாலை சுருண்டு தளர்வாகக் கிடக்கும். அதனால் நம் வாயில் ஊறும் எச்சிலே அதை அறுக்கத் தொடங்கிவிடும். செலுலோசு மாலைகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, கயிறு முறுக்கியதுபோல் இறுகி நிற்கும். அந்தக் கயிற்றைச் சுற்றி அரைச்செலுலோசு என்ற இன்னொரு சீனிப் பொருள். அதற்கும் மேலே, செங்கல்லுக்கு இடையில் பூசிய சீமெந்துபோல இலிக்னின். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவையும் உறிஞ்சிச் சேர்த்து வைப்பதால் வைக்கோல் இன்னும் கடினம்.

ஆகவே வைக்கோலின் எடையில் பாதிக்கு மேல் சீனியாக மாறக்கூடிய பொருள்தான். அது பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பூட்டோடு மனிதன் போராடிய கதைதான் நான் சொல்ல வந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஐரோப்பாவில் நெப்போலியனின் யுத்த காலம். கடல் வழிகள் அடைபட்டதால் கரீபியன் தீவுகளிலிருந்து கரும்புச் சீனி வருவது குறைந்து, விலை ஏறியிருந்தது. 1811இல் ருஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பர்க்கில் கிர்க்கோஃப் என்ற இரசாயனவியலாளர் மாப்பொருளை ஐதான சல்பூரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து இனிப்பான பாகு எடுத்தார். ஆனால் அது உணவுப் பொருளிலிருந்து எடுத்த சீனிதான்.

அதிசயம் 1819இல் நடந்தது. பிரான்ஸின் நான்சி நகரில் ஹென்றி பிரக்கோனோ என்பவர் மரத்தூளையும் பழைய லினன் கந்தலையும் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கரைத்தார். அது பிசின்போல் ஆனது. அதைத் தண்ணீர் விட்டு ஐதாக்கிக் கொதிக்க வைத்தபோது சீனி வந்தது. கந்தல் துணியிலிருந்து சீனி! அவர் இன்னொன்றும் சொன்னார்: கிடைத்த சீனியின் எடை, போட்ட கந்தலின் எடையை விட அதிகம். கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் கணக்குச் சரியானதே. மாலை அறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்கிறது. அதனால் 100 கிராம் செலுலோசு முழுமையாக உடைந்தால் 111 கிராம் குளுக்கோசு வரவேண்டும்.

அந்தப் பொருளுக்கு அப்போது பெயர்கூட இல்லை. 1838இல்தான் அன்செல்ம் பாயென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பலவகைத் தாவரங்களிலும் இந்த ஒரே பொருள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு செலுலோசு என்ற பெயர் நிலைத்தது.

வழி தெரிந்தாயிற்று. அப்படியானால் உலகம் ஏன் மரத்தூளில் சீனி செய்யவில்லை? அமிலம் இரும்பைத் தின்றது. பயன்படுத்திய அமிலத்தைத் திரும்பப் பிரித்தெடுப்பது செலவு. அமிலமும் சூடும் செலுலோசை உடைத்த கையோடு வெளிவந்த சீனியையும் உடைத்து நாசமாக்கின. முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவில் மரத்தூளிலிருந்து மதுசாரம் செய்தார்கள். ஜேர்மனியில் பேர்கியஸ், ஷொல்லர் என்ற இருவரின் முறைகளில் மரத்தைச் சீனியாக்கும் தொழிற்சாலைகள் இயங்கின. தட்டுப்பாட்டுக் காலத்தில் கணக்குப் பார்க்க ஆளில்லை. சமாதானம் வந்து, கரும்பும் எண்ணெயும் மலிவாகக் கிடைத்ததும் பெரும்பாலானவை மூடப்பட்டன.

திருடன் பூட்டைக் கோடரியால் அடித்து உடைத்தால் பெட்டிக்குள் இருந்த கண்ணாடிச் சாமானும் நொறுங்கிப் போகும். அமிலத்தின் கதை அதுதான். முதல் நூறு வருடம் அப்படியே கழிந்தது.

இரண்டாவது யோசனை ஜேர்மனியில் பட்டினியில் பிறந்தது. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியைச் சுற்றிவளைத்தது. 1916-17 குளிர்காலத்தில் கிழங்கு விளைச்சலும் கெட்டுப்போய், வழக்கமாக மாட்டுக்குப் போடும் ஒருவகை முள்ளங்கிக் கிழங்கை மனிதர்கள் தின்றார்கள். அந்தக் காலத்தை அவர்கள் இன்றும் "கிழங்குக் குளிர்காலம்" என்றுதான் சொல்கிறார்கள். மாட்டுத் தீனியை மனிதன் தின்றால் மாடு எதைத் தின்னும்? குதிரை எதைத் தின்னும்? மிச்சம் இருந்தது வைக்கோல்தான்.

பேர்லினில் ஏர்ன்ஸ்ட் பெக்மன் என்ற பேர்பெற்ற இரசாயனவியலாளர் இருந்தார். சூடாக்கிப் பதப்படுத்தாமல், எரிசோடாவின் ஐதான கரைசலில் வைக்கோலைச் சாதாரண வெப்பநிலையிலேயே ஊறவைத்து, பிறகு நன்றாகக் கழுவிக் கொடுக்கும் முறையை அவர் உருவாக்கினார். காரம் இலிக்னினுக்கும் அரைச்செலுலோசுக்கும் இடையிலான பிணைப்புகளை அறுக்கிறது. வைக்கோல் ஊதி, தளர்ந்து, மென்மையாகிறது. அதில் சீனி இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டு மட்டும் தளர்ந்திருக்கிறது. மிச்ச வேலையை மாட்டின் வயிறு பார்த்துக்கொள்கிறது.

இதுதான் பெரிய திருப்பம். இன்று விஞ்ஞானிகள் இதை முற்பரிகரிப்பு என்கிறார்கள். முதலில் இளக்கு, பிறகு உடைக்கும் வேலையை நுண்ணுயிர்களிடம் விடு.

மாட்டின் முதல் வயிற்றறை ஒரு பெரிய பீப்பா மாதிரி. அதற்குள் கோடானு கோடி பற்றீரியாக்களும் வேறு நுண்ணுயிர்களும் இருக்கின்றன. செலுலோசை அறுக்கும் நொதியம் மாட்டிடம் கிடையாது. அந்த நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது. அவை செலுலோசைச் சீனியாக்கி, அந்தச் சீனியைத் தாமே உண்டு, வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலம் போன்ற அமிலங்களை வெளிவிடுகின்றன. மாடு வாழ்வது அந்த அமிலங்களால். மேலும், பழைய நுண்ணுயிர்கள் குடலுக்குப் போய்ச் சமிபாடடையும்போது மாட்டுக்குப் புரதம் கிடைக்கிறது. வெறும் வைக்கோலில் இந்த நுண்ணுயிர்கள் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். இடம் காலியாகாமல் மாடு மேற்கொண்டு தின்னாது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பு மெலியும்.

பெக்மன் முறை நோர்வேயில் பல பத்தாண்டுகள் பாவனையில் இருந்தது. ஆனால் குறையும் இருந்தது. கழுவ ஏராளமான தண்ணீர் வேண்டும். கழுவும்போது கரைந்த சத்தும் போகும். எரிசோடா கலந்த நீர் ஓடைகளைக் கெடுத்தது. கடைசியில் அவர்கள் பொலித்தீனால் மூடிய வைக்கோலுக்குள் அமோனியா வாயுவைச் செலுத்தும் முறைக்கு மாறினார்கள். அமோனியாவும் ஒரு காரம். அது வேலை முடிந்ததும் பெரும்பங்கு காற்றோடு போய்விடும், கழுவத் தேவையில்லை. மிஞ்சி நிற்பது நைதரசனாக நுண்ணுயிர்களுக்கு உணவாகும். இந்த அமோனியாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு அது வேறு உருவத்தில் வரப்போகிறது.

அதற்கு முன் பசுபிக் சமுத்திரத்தின் பூகன்வில் தீவுக்குப் போய் வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே இருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் மழைக்காட்டு ஈரத்தில் உக்கிப்போயின. காரணம் தேடியபோது பல பங்கசுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு கியூ.எம். 6ஏ என்று இலக்கமிட்டார்கள். எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் அதை ஆராய்ந்தார்கள். முதலில் கேள்வி, துணி உக்காமல் தடுப்பது எப்படி என்பது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் கேள்வி தலைகீழானது. இந்தப் பங்கசைக் கொண்டே குப்பைக் கடதாசியைச் சீனியாக்கி, அதிலிருந்து எரிபொருள் செய்யலாமா என்று பார்த்தார்கள். பழைய பத்திரிகையை அப்படியே கொடுத்தால் நொதியம் தடுமாறியது. மாவாக அரைத்துக் கொடுத்தால் நன்றாக உடைத்தது. திரும்பவும் அதே பாடம்: சாவி எவ்வளவு நல்லதானாலும், துருப்பிடித்த பூட்டுக்கு முதலில் எண்ணெய் விடவேண்டும். 1977இல் அந்தப் பங்கசுக்கு ரீஸின் பெயரையே சூட்டினார்கள். இன்று ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்யும் தொழிலிலும் இத்தகைய நொதியங்கள் பாவிக்கப்படுகின்றன.

அதன்பின் உயர் அழுத்த நீராவியில் வேகவைத்துச் சட்டென்று திறந்து வெடிக்க வைப்பது, அழுத்தத்தில் அமோனியா கொடுப்பது, ஐதான அமிலத்தில் கொதிக்க வைப்பது என்று பல முற்பரிகரிப்பு முறைகள் வளர்ந்தன. 2013க்கும் 2015க்கும் இடையில் இத்தாலியிலும் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலும் பெரும் பணம் கொட்டி, வைக்கோலிலிருந்தும் சோளத் தட்டையிலிருந்தும் எரிபொருள் செய்யும் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. சில வருடங்களுக்குள் அவற்றில் சில உற்பத்தியை நிறுத்திவிட்டன. வயலிலிருந்து தட்டையைச் சேர்த்துக் கட்டிக் கொண்டுவருவதும், அதோடு வரும் மண்ணும், முற்பரிகரிப்பின் செலவும் பெரிய தலைவலியாக இருந்தன. எண்ணெய் விலையும் இறங்கியிருந்தது.

இவ்வளவு பெரிய நாடுகளுக்கே சுமையாக இருந்த வேலையை ஒரு பசு தினமும் மூச்சுக் காட்டாமல் செய்கிறது. அதற்கு நாம் செய்யவேண்டியது பூட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பதுதான். இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

1970களின் கடைசியிலும் 1980களிலும் தெற்காசிய விஞ்ஞானிகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நோர்வேயைப்போல அமோனியா தாங்கி கொண்டுவர நம் கிராமங்களில் வசதி இல்லை. எரிசோடா விலை கூடியது, ஆபத்தானது. ஆனால் எல்லா ஊர்க் கடையிலும் ஒரு பொருள் இருந்தது. அதுதான் யூரியா. ஈரமான வைக்கோலில் இருக்கும் பற்றீரியாக்களின் நொதியம் யூரியாவை அமோனியாவாக உடைத்துவிடும். அதற்குச் சூடு வேண்டும். நோர்வேயில் இல்லாத சூடு நம்மிடம் தாராளமாக இருக்கிறது. காற்றுப் போகாமல் மூடினால், ஒவ்வொரு வைக்கோல் குவியலும் ஒரு சிறிய அமோனியாத் தொழிற்சாலை!

பங்களாதேசிலும் இலங்கையிலும் இந்த ஆய்வு மும்முரமாக நடந்தது. பேராதனையில் ஜயசூரியவும் பெரேராவும் யூரியாவால் வைக்கோலைப் பதப்படுத்துவது பற்றி 1982இல் வெளியிட்ட ஆய்வை வெளிநாட்டு விஞ்ஞானிகள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். நெதர்லாந்தின் ஒத்துழைப்போடு வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இங்கே நடந்து, அதன் அறிக்கைகள் 1989இல் நெதர்லாந்தின் வாகனிங்கனில் நூலாகவும் வந்தன. நம் வைக்கோல், நம் மாடு, நம் வெயில். அதை வைத்து எழுதப்பட்ட நூல் அது.

முறை இதுதான். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, ஏறத்தாழ 100 லீற்றர் தண்ணீர். யூரியாவைத் தண்ணீரில் முழுமையாகக் கரைக்கவேண்டும். வைக்கோலை அடுக்கு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் கரைசலைச் சீராகத் தெளித்து, நன்றாக மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடவேண்டும். நம் சூட்டில் 7 முதல் 10 நாளில் பதமாகிவிடும். திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வரும். வைக்கோல் நிறம் கடுத்து, தொட்டால் மெதுமெதுவென்று இருக்கும். பரப்பிக் காற்றாட விட்டு, நெடி போன பிறகே கொடுக்கவேண்டும்.

பலன்? சாதாரண வைக்கோலில் 100 பங்கில் ஏறத்தாழ 40 முதல் 45 பங்கு சமிக்கும் என்றால், பதப்படுத்தியதில் 50க்கு மேல் சமிக்கும். மாடு அதிகமாகவும் தின்னும். இரண்டும் சேரும்போதுதான் வித்தியாசம் தெரியும். இதனால் பால் ஆறாக ஓடாது. ஆனால் வறட்சியில் மெலியவேண்டிய மாடு மெலியாமல் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். யூரியா நஞ்சு. கரைசலை மாடு குடித்தாலும், கரையாத யூரியாவை நக்கினாலும், ஊறாத வைக்கோலைத் தின்றாலும் மாடு சாகலாம். சிறு கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. முதல் தடவை செய்பவர்கள் உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேட்காமல் செய்யவேண்டாம். வாளியையும் பையையும் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவ்வளவு நல்ல முறை ஏன் பரவவில்லை? விவசாயி சோம்பேறி, படிக்காதவன் என்று சொல்லி முடிப்பது எளிது. அது நியாயமில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவனுடைய கணக்கிலும் நியாயம் இருந்தது. 100 லீற்றர் தண்ணீரைக் கோடையில் யார் சுமப்பது? நம் பக்கத்து மாடுகள் பட்டியில் அடைபட்டு, பகலில் மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள். தொட்டியில் தீனி போட்டு வளர்ப்பது இங்கே வழக்கமில்லை. நாளுக்கு ஒரு போத்தல், இரண்டு போத்தல் பால் தரும் மாட்டுக்கு யூரியாவும் பொலித்தீனும் வாங்கினால் செலவு மீளுமா? இதோடு யுத்தம். நூல் வெளிவந்த அடுத்த வருடம் 1990. அதற்குப் பிறகு நம்மில் பலருக்கு வயலுக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது. வட்டையையும் பட்டியையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் வைக்கோலைப் பதப்படுத்தச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதே காலத்தில் சீனாவில் வேறு கதை நடந்தது. 1990களில் அங்கே அரசாங்கமே பொறுப்பெடுத்து, ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் உதவியோடு இந்த முறையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. வீட்டில் இரண்டு மூன்று மாட்டைக் கட்டித் தீனி போட்டு, இறைச்சிக்கு விற்கும் குடும்பங்களுக்கு அது இலாபமாக இருந்தது. ஒரே யூரியா, ஒரே வைக்கோல். மாடு வளர்க்கும் முறையும் சந்தையும் வேறாக இருந்ததால் முடிவும் வேறாகியது.

இன்று நம் நிலைமையும் 1989 மாதிரி இல்லை. மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்டன. மாடு அடுத்தவன் வயலில் இறங்கி வழக்கு, பஞ்சாயத்து, சில இடங்களில் சண்டையும் வருகிறது. கட்டி வளர்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது ஒரு பை யூரியாவின் அருமை தெரிந்தது. 2022இல் பால்மா பெட்டிக்காக வெயிலில் வரிசையில் நின்றதை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டாள். கைக்குழந்தையோடு நின்றவர்களும் நம் ஊரில்தான் இருந்தார்கள். வெளிநாட்டுப் பால்மாவுக்கு வரிசையில் நின்ற அதே ஊரைச் சுற்றி ஏக்கருக்கு ஒன்றரை, இரண்டு தொன் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்கும்போது தண்ணீரும் சோறும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. வைக்கோலையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

எல்லா வைக்கோலையும் மாட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பங்கு வயலிலேயே உக்கவேண்டும். நெல் உறிஞ்சிய பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது, அது மண்ணுக்குத் திரும்பவேண்டும். யூரியா விலை ஏறியிருக்கும்போது எல்லா மாட்டுக்கும் இந்த முறை கட்டாது என்பதும் உண்மை. கன்று ஈன்ற பசு, கறவையில் நிற்கும் பசு என்று நான்கைந்தைத் தெரிந்து, வறட்சி மாதங்களுக்கு மட்டும் செய்தால் கணக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன். தனியாள் ஒருவருக்குத் தண்ணீரும் கூலியும் சுமை. நான்கு வீடு சேர்ந்து ஒரு குழி வெட்டினால் சுமை குறையும். விவசாய அமைப்புகளும் கால்நடை வளர்ப்போர் சங்கங்களும் வரும் அறுவடையில் ஒரு வட்டையிலாவது இதைச் செய்து காட்டினால், பேசுவதை விட அது பெரிது.

கந்தலில் சீனி எடுத்த பிரக்கோனோவிலிருந்து பேராதனை வரை இந்த அறிவு வந்து சேர ஏறத்தாழ 170 வருடம் எடுத்தது. பேராதனையிலிருந்து நம் களவெட்டிக்கு வர ஒரு நாள் பஸ் பயணம்தான்.

80களில் நம் பகுதியில் வைக்கோலுக்கு யூரியா தெளித்துக் காட்டிய செய்முறைகளைப் பார்த்த மூத்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், யார் வயல், மாடு தின்றதா, ஏன் விட்டீர்கள், எல்லாம் எழுதுங்கள். வாப்பா, மூத்தப்பா சொல்லக் கேட்டவர்களும் எழுதலாம். நூலில் இல்லாத மிச்ச வரலாறு உங்களிடம்தான் இருக்கிறது. எரிக்கப்போகிற ஒருவருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.